பட்டியலின் முதல் பெயர்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். அக்காவைப் புகழ்ந்து எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அதனால் அவர் செய்த ஒரு தவற்றை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது நாகலாபுரத்தில். மழை பொய்த்துப் பருத்தி கருகிய ஒரு வருடம் அப்பாவும் காலமானார். அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு அக்கா கோவில்பட்டிக்கு வந்து, ஓர் அரசுப் பள்ளியில் எழுத்தராகச் சேர்ந்தார். என்னையும் அங்கேயே சேர்த்தார். தன் கல்லூரி ஆசையைப் பற்றி அதன்பின் அவர் பேசியதே இல்லை.

அந்தப் பள்ளியில் மாலையில் இலவசமாகப் பாடம் சொல்லித்தர நான்கு ஆசிரியர்களைச் சம்மதிக்க வைத்தது அக்காதான். அறை திறப்பது, பிள்ளைகளைச் சேர்ப்பது, வராதவர் வீட்டுக்கு நடப்பது எல்லாம் அவர் வேலை. தீப்பெட்டி ஒட்டும் பிள்ளைகள் ஒட்ட வேண்டியதைக் கையோடு கொண்டுவரலாம் என்றும் சொல்லிவிட்டார். அரையாண்டுப் பரீட்சையில் கணக்கிலோ ஆங்கிலத்திலோ தவறியவர்களுக்கு மட்டுமே இடம் என்பது விதி.

அக்காவின் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. தகுதியான பிள்ளைகளின் பெயர்களை, மார்க்கோடு, கொட்டை எழுத்தில் எழுதி வாசல் பலகையில் ஒட்டினார். மறுநாளே, அதில் பெயர் இருந்த என் வகுப்புத் தோழி வேலம்மாள் பள்ளிக்கு வரவில்லை. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். அவளுடைய அப்பா பருத்தி ஜின்னிங் மில்லில் மூட்டை சுமப்பவர். எழுதப் படிக்கத் தெரியாது.

“எம்மவ படிப்பு ஏறாதவன்னு நீங்களே எழுதி ஒட்டிட்டீங்களே தாயி. ஊரே வாசிச்சுச் சொல்லுது. பெறகு எதுக்கு அனுப்ப?”

“எழுதுனது நாந்தான் அண்ணாச்சி. தப்பு எம்மேல, பிள்ளை மேல இல்ல. புதுசா ஒண்ணு ஒட்டுதேன். திங்கக்கெழம வந்து பாருங்க.”



புதிய பட்டியலில் மார்க் இல்லை. முதல் பெயர் என்னுடையது. வகுப்பில் முதலாவதாக வருகிறவள் நான்! வீட்டில் கோபத்தில் குதித்தேன். அக்கா அசையவில்லை. தவறாதவள் பெயர் எதற்கு என்று தலைமை ஆசிரியை கேட்டபோதும், “எங்க வீட்டுல இவளுக்கு இங்கிலீசு சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. இவளுக்கும் தகுதி இருக்கு” என்றாராம். இரண்டு நாள் நான் அக்காவோடு பேசவில்லை.

திங்கட்கிழமை காலை வேலம்மாளின் அப்பா அவளோடு வந்து பலகை முன் நின்றார். என்னைக் கண்டதும், “இத வாசி பாப்பா” என்றார். என் பெயரை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்கலாம் என்று நினைத்தேன். சுற்றிலும் பிள்ளைகள். பள்ளி ஆபீஸ் ஜன்னலில் அக்கா. என்னை அவர் தடுக்கவும் இல்லை, தூண்டவும் இல்லை. வேலம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் பெயரை வாசித்தேன்.

“அது யாரு?”

“நாந்தான் பெரியப்பா.”

“நீ நல்லாப் படிக்கிறவல்லா? அப்ப இது படிப்பு ஏறாதவங்க பட்டியல் இல்லையா?”

“இல்ல. படிக்க வாரவங்க பட்டியல்.”

அவர் “ஏட்டி, உள்ள போ” என்று மகளிடம் சொல்லிவிட்டு மில்லுக்குப் போனார். அந்தப் படிப்பு வருடம் முடியும்வரை மாலையில் நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அதற்குப்பின் ஒவ்வோர் ஆண்டும் நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளையின் பெயரைத்தான் அக்கா முதலில் எழுதினார்.

நோயில் கிடந்தபோது அக்காவை அன்போடு கவனித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், முறைவைத்துக் கஞ்சி கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், அந்த நான்கு ஆசிரியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பக்கத்தில் நான் இருக்க, “பிள்ளைக வாராங்களா?” என்றே அக்கா கடைசிவரை கேட்டார். எனக்கு அப்போதும் கோபம் வந்தது. இப்போது அந்தக் குரலைக் கேட்க ஏங்குகிறேன்.

வேலம்மாள் இன்று அதே பள்ளியில் ஆசிரியை. மாலை வகுப்பை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். போன வாரம் வெள்ளைத் தாளோடு வீட்டுக்கு வந்தாள்.

“ஏட்டி, அக்கா இல்லாம எழுதுற மொதப் பட்டியல். மொதப் பேரு யாரைப் போட?”

என் மகள் அங்கே எட்டாம் வகுப்பில் முதலாவதாக வருகிறாள். அவள் பெயரைச் சொன்னேன்.

பட்டியல் ஒட்டி இன்றோடு மூன்று நாள். மகள் இன்னும் என்னோடு பேசவில்லை.