அக்காவின் பிக்கிள்பால் களத்துக்கு ஆன செலவு

என் அக்கா டவுன் பஸ் ஓட்டுகிறாள். இருபத்தோரு வருடமாக அதே வேலை. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவள் வீடு வந்தால் படுத்துவிடுவாள் என்று நினைத்தால் தப்பு. போன வருடம் டிப்போவுக்கு அடுத்த விளையாட்டு அரங்கில் யாரோ ஒரு புண்ணியவான் அவள் கையில் பிக்கிள்பால் மட்டையைக் கொடுத்துத் தொலைத்தார். டென்னிஸைச் சின்னதாக்கி, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தை வைத்து ஆடுகிற ஆட்டம். அன்றோடு ஆளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஆனால் அரங்கில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஷிஃப்ட் முடிந்து இவள் போய்ச் சேர்வதற்குள் பெரிய வரிசை நிற்கும்.

"நம்ம வீட்டுப் பின்னாடியே ஒண்ணு கட்டிடுவோம்டி," என்றாள் ஒரு நாள், ஏதோ கொடிக்கயிறு கட்டுவது மாதிரி.

நான் ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறவள். சிமென்ட் விலை, பெயின்ட் விலை எல்லாம் எனக்கு அத்துப்படி. "உனக்கென்ன கிறுக்கா?" என்று கத்தினேன். கத்திவிட்டு மறுநாளே ஒரு கான்ட்ராக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தவளும் நான்தான். எனக்கும் ஆசை தொற்றிவிட்டது, வேறென்ன சொல்ல!

கான்ட்ராக்டர் ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்தார். கம்பிவலை போட்டுக் கான்கிரீட் தளம், அதன்மேல் மூன்று பூச்சுப் பெயின்ட், வலை, கம்பம், சுற்றிலும் வேலி, விளக்கு. கூட்டிப் பார்த்தால் அக்காவின் பதினோரு மாதச் சம்பளம். எனக்குத் தலை சுற்றியது. அக்கா பென்சிலை எடுத்து உட்கார்ந்தாள். விளக்கை அடித்தாள், "காலைல ஆடிக்கலாம்." வேலியை அடித்தாள், "உங்க கடையில மிஞ்சின பச்சை வலை இருக்கில்ல?" மிச்சச் செலவுக்குக் கார் வாங்க அவள் சேர்த்து வைத்த பணம் சரியாகப் போதும். "தினம் பஸ் ஓட்டுறவளுக்குக் கார் எதுக்குடி?" என்று சிரித்தாள். முகமெல்லாம் அப்படி ஒரு வெளிச்சம்.

கான்ட்ராக்டர் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினார். நாற்பத்து நாலடி நீளம், இருபதடி அகலம், அழகாக உட்கார்ந்தது. அக்கா மட்டையோடு உள்ளே நின்று காற்றிலேயே நாலு அடி அடித்தாள். ஐந்தாவது அடிக்குப் பக்கவாட்டில் ஒரு எட்டு வைத்ததும் தோள் சுவரில் இடித்தது.

"கோட்டுக்கு இடம் இருக்கும்மா, ஓடுறதுக்குத்தான் இல்ல," என்றார் அவர். "இன்னும் எட்டடி வேணும். இந்தச் சுவர் நகருமா?"



அந்தச் சுவருக்கு அப்பால் எங்கள் அண்ணன் வீடு. அப்பா போனபின் பாகம் பிரித்தபோது, ஒரே ஒரு அடி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அண்ணனுக்கும் அக்காவுக்கும் வாய் தடித்தது. அக்கா ஷிஃப்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அண்ணன் சுவரை எழுப்பிவிட்டார். "இனி உன் முகத்துல முழிக்க மாட்டேன்," என்றாள் அவள். ஒன்பது வருடம் ஆயிற்று, முழிக்கவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், தரை போடுவதில் கைதேர்ந்த மேஸ்திரி எங்கள் அண்ணன்தான். ஒரு அடிக்குச் சண்டை போட்டவள் இப்போது எட்டடி கேட்க வேண்டும்!

அக்கா மட்டையைப் பரணில் போட்டாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போய்க் கொட்டித் தீர்த்தேன். அவளோடும் என்னோடும் யாருக்கும் சண்டையில்லை.

அன்று சாயங்காலம் சுவருக்கு மேல் அண்ணன் தலை முளைத்தது, கையில் அந்தத் தாள். "யாரு இந்த விலையைப் போட்டது? பகல் கொள்ளையா இருக்கு!" என்று என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார். அக்கா பத்தடி தள்ளி நின்றாள். "அவகிட்ட சொல்லு. சுவரை நானே இடிச்சுத் தரேன். தளமும் நான்தான் போடுவேன். அப்பா மண்ணுல வேற எவனும் கை வைக்கக் கூடாது."

"கூலி எவ்வளவுன்னு அந்த ஆளுகிட்ட கேளு," என்றாள் அக்கா.

"கூலி வேணாம்னு சொல்லு. எனக்கும் ஒரு மட்டை வாங்கச் சொல்லு."

"ஓசில வாங்கிக்க மாட்டேன்னு சொல்லு."

"சரி, இடத்துக்குச் சேர்த்து ரெண்டு மட்டைன்னு சொல்லு!"

நடுவில் நான் எதற்கு? இருவருக்கும் காது நன்றாகவே கேட்கிறது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை; எங்கே காரியம் கெட்டுவிடுமோ என்று பயம். பதினோரு மாதச் சம்பளம் ஐந்து மாதமாக இறங்கிவிட்டதே!

சுவர் ஒரே காலையில் விழுந்தது. மழைத் தண்ணீர் தேங்காமல் ஓடட்டும் என்று அண்ணன் துளி வாட்டம் வைத்துத் தளம் போட்டார். அதற்குத் தினம் தண்ணீர் விட வேண்டும். ஷிஃப்டுக்கு முன் அக்கா விடுவாள், வேலை முடிந்து வந்து அண்ணன் விடுவார். ஒரே குழாயைப் பிடித்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மாதம் இப்படியே போனது. பிறகு நீலப் பெயின்ட், வெள்ளைக் கோடு. அக்கா அன்றைக்கு லீவே போட்டுவிட்டாள். தளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள், குனிந்து தடவிப் பார்த்தாள், என்னைக் கட்டிப் பிடித்துக் குதித்தாள்.

முதல் ஆட்டம். "இவர் பக்கத்துல நின்னா என்னைத்தான் திட்டுவாரு, நான் சின்னவகூடவே நிக்கிறேன்," என்று அண்ணி என் பக்கம் வந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் அண்ணனும் அக்காவும் ஜோடி.

ஜோடியாக ஆடும்போது நடுவில் வருகிற பந்துக்கு "என்னுது" என்றோ "விடு" என்றோ யாராவது சொல்லியாக வேண்டும். இவர்கள் சொல்வார்களா? பந்து நடுவில் விழும், இருவரும் அதை வேடிக்கை பார்ப்பார்கள். அரங்கில் ஆம்பளைகளையே ஓட ஓட விரட்டுகிற அக்கா, என்னிடம் ஆறுக்குச் சைபர்! நான் ஆடிய ஆட்டத்துக்கு அளவே இல்லை. இடுப்பை வளைத்து ஒரு நடனம்கூடப் போட்டேன். அக்காவுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

ஏழாவதற்கு நான் சர்வீஸ் போட்டேன். பந்து திரும்பி வந்தது. ஓங்கி ஒரு அடி. பந்து உயரமாகப் போய் அண்ணன் பின்னால் இறங்கியது. அண்ணன் மட்டையைத் தூக்கினார்.

"அண்ணா, விடு! அவுட்டு!" என்று கத்தினாள் அக்கா.

அண்ணன் விட்டார். பந்து கோட்டின் மேலேயே விழுந்தது.

அண்ணன் மெதுவாகத் திரும்பினார். "இதா அவுட்டு? இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா நீ பஸ் ஓட்டுற?"

"நீ கோட்டைக் கோணலா போட்டா நான் என்ன பண்றது?"

"கோணலா? நான் போட்ட கோடா? வா, டேப் வெச்சுப் பாக்கலாம், வா!"

"வர்றேன், எனக்கென்ன பயமா?"

இருவரும் மூக்கோடு மூக்கு நின்று கத்திக்கொண்டே டேப்பை எடுக்கப் போனார்கள். "அவகிட்ட சொல்லு" இல்லை, "அந்த ஆளுகிட்ட கேளு" இல்லை. நான் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம் தாங்கவில்லை.

அண்ணி பந்தைப் பொறுக்கிக்கொண்டு வந்து என் கையில் வைத்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"எழுந்திரும்மா," என்றாள். "ஏழுக்குச் சைபர். சர்வீஸ் நம்மளுதுதான்."