கிதாருக்குள் ஒட்டியிருந்த ஊர்

பிக் உள்ளே விழுந்துவிட்டது. கிதார் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்: கம்பியை மீட்டுகிற அந்தச் சின்ன பிளாஸ்டிக் சில்லு விரலிலிருந்து நழுவினால் நேராக நடு ஓட்டைக்குள்தான் போகும். தலைகீழாகப் பிடித்து உலுக்கினேன். கலகலவென்றது, வரவில்லை. செல்போன் டார்ச்சை அடித்து எட்டிப் பார்த்தால் பிக் இல்லை, ஒரு லேபிள் தெரிந்தது. மேலே கொட்டை எழுத்தில் அமெரிக்கக் கம்பெனியின் பெயர். கீழே பொடி எழுத்தில் மேட் இன் இந்தோனேசியா.

அதுவரை இதை எங்கே, யார் செய்திருப்பார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. பெயர் அமெரிக்கா, ஆகவே கிதாரும் அமெரிக்கா. அவ்வளவுதான் என் புவியியல்.

யோசித்ததோடு விட்டிருக்கலாம். அண்ணனிடம் காட்டித் தொலைத்தேன். அவன் மலைமேல் எங்கள் ஜமுனாமரத்தூரில் செல்போன் சாமான் கடை வைத்திருக்கிறான். நாள் முழுக்க "இது ஒரிஜினலாங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே பிழைக்கிறவன். ஒரு பார்வைதான் பார்த்தான்.

"டூப்ளிகேட்டு."

"எப்படிச் சொல்றே?"

"அமெரிக்கா பேரு, இந்தோனேசியா சரக்கு. இதுல இன்னா டவுட்டு? உன் பிரெண்டு நல்லா உன் தலையில கட்டிட்டா."

அதுதான் குத்தியது. கிதாரைக் கொடுத்தவள் திருப்பத்தூர் கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், வாணியம்பாடிக்காரி. அவளுடைய அண்ணன் துபாய்க்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன கிதார். "ஒரிஜினல்டி, கண்ணை மூடிட்டு வாங்கிக்கோ" என்றாள். கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன். போலி என்று தெரிந்தே கொடுத்திருந்தால் அவள் என் தோழி இல்லை. தெரியாமல் கொடுத்திருந்தால், உன் அண்ணன் ஏமாந்தான் என்று நான் போய்ச் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் அவளிடமிருந்து போன் வந்தது. அடித்து ஓயும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனி இவளோடு எப்படிப் பேசுவது?

இணையத்தில் தோண்ட ஆரம்பித்தேன். சிக்னல் வந்தது, போனது. நான் நகரவில்லை.

ஒரு பெயர், ஒரு தொழிற்சாலை, ஒரு ஊர் என்ற என் கணக்கு முதலில் உடைந்தது. பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் உயர்ந்த ரகத்தை அமெரிக்காவிலேயே செய்கின்றன. சில ரகங்கள் எல்லை தாண்டி மெக்சிகோவில் தயாராகின்றன. என்னைப் போலக் கற்றுக்கொள்கிறவர்களுக்கான கிதார்களில் நிறைய இந்தோனேசியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வருகின்றன. ஸ்பானிஷ் போல ஒலிக்கும் ஒரு பெயரின் சொந்தக்காரர்கள் ஜப்பானியர்கள்! கொரியாக்காரர்கள் இந்தோனேசியாவில் கட்டிய தொழிற்சாலையில், அவர்கள் கிதாரும் போட்டிக் கம்பெனிகளின் கிதாரும் சேர்ந்தே தயாராகின்றனவாம். கடைச் சுவரில் முறைத்துக்கொண்டு தொங்கும் இரண்டு கிதார்கள் உண்மையில் அக்கா தங்கையாக இருக்கலாம்.

மூச்சு விடாமல் அண்ணனிடம் ஒப்பித்தேன். "செரி. டூப்ளிகேட்டு பண்றவனும் இந்தோனேசியான்னு அச்சடிச்சி ஒட்டலாமில்ல?" என்றான்.

கேட்டது நியாயம். மறுபடி டார்ச், மறுபடி லேபிள். இந்த முறை சீரியல் நம்பர். எந்த எழுத்து எந்தத் தொழிற்சாலையைக் குறிக்கும் என்று கம்பெனியின் இணையதளத்திலேயே விளக்கம் இருந்தது. ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். நாடு சரி. மாடல் சரி. முகப்புப் பலகையின் மரம்கூடச் சரி. அப்போது விட்ட மூச்சு கிதாருக்குள் போய் எதிரொலித்திருக்கும்.

நேராகக் கடைக்கு ஓடினேன். அண்ணன் ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். காலில் அவன் பெருமை: வாணியம்பாடியில் வாங்கிய, ஜெர்மன் பெயர் போட்ட எக்ஸ்போர்ட் ஷூ.

"ஷூவைக் கழட்டு."

"எதுக்கு?"

"கழட்டுண்ணா!"

ஷூவின் நாக்கை இழுத்து உள்பக்கத்தைக் காட்டினேன். மேட் இன் இந்தியா.

"பேரு ஜெர்மனி, சரக்கு வாணியம்பாடி. டூப்ளிகேட்டா இது?"

"ஏய், இது கம்பெனியே ஆர்டர் குடுத்து தெக்கச் சொல்றது. தோலு, நூலு, அளவு எல்லாம் அவன் சொன்னபடி. அவன் ஆளு வந்து செக் பண்ணாதான் வெளிய போவும்..."

"சொல்லு, இன்னும் சொல்லு."

ஷூவைப் பிடுங்கிக் காலில் மாட்டிக்கொண்டான். சார்ஜர் வாங்க வந்து நின்ற பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப இந்த சார்ஜரு எந்த ஊருங்க?"

மலையை விட்டு இறங்கினால் அக்கம்பக்கத்து ஊர்களில் வெளிநாட்டுப் பெயர்களுக்கு ஷூ தைக்கிறார்கள். அதைப் பார்த்தே வளர்ந்த எங்கள் இருவருக்கும் கிதார் என்றதும் அது மறந்துபோயிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் தோழியைப் போனில் கூப்பிட்டேன்.

"இன்னாடி, உயிரோடதான் இருக்கியா? கிதாருக்குள்ள வுழுந்துட்டியோன்னு நெனச்சேன்."

"நான் இல்லடி, பிக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அரே, எங்க வூட்டையே திருட்டு வூடு ஆக்கிட்டியே! லேபிள்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாதுடி. இனிமே டவுட்டு வந்தா மொதல்ல எனக்கு போன் பண்ணு. உங்கண்ணன்கிட்ட போவாதே."

போனை ஸ்பீக்கரில் போட்டு, பேசிக்கொண்டே மறுபடி கிதாருக்குள் டார்ச் அடித்தேன். லேபிளுக்குச் சற்றுத் தள்ளி, உள்மரத்தில் பென்சிலால் ஒரு டிக். கடல் தாண்டி யாரோ ஒருத்தர் இந்தப் பெட்டியைத் தட்டிப் பார்த்து, சரி என்று போட்டது. அதையும் அவளிடம் சொன்னேன்.

"தோள்ல மாட்டற பட்டை இல்லாம எப்படிடி நின்னு வாசிப்பே?" என்றாள் திடீரென்று. "எங்க மாமாவோட ஷூ பட்டறையில வெட்டி மிஞ்சின தோலு கெடக்குது. ஞாயித்துக்கெழம வா, நாமளே தெப்போம்."

போகிறேன். தோளில் உறுத்தாத அகலம் எவ்வளவு என்று இப்போதே பழைய துப்பட்டாவை மடித்து மடித்துப் பார்க்கிறேன். என் கிதாரின் அடியில் மட்டும்தான் பட்டை மாட்டும் குமிழ் இருக்கிறது. மறுமுனையைத் தலைப்பக்கம் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். அதற்கு நல்ல ஷூ லேஸ்தான் சரி என்கிறாள். அண்ணன் ஷூவை எங்கேயோ ஒளித்துவிட்டான். கண்டுபிடித்துவிடுவேன். பட்டையின் உள்பக்கம், எங்கே செய்தது என்று கொட்டை எழுத்தில் போடப்போகிறோம். பக்கத்தில் ஒரு டிக்.