சாக்கடைக்குப் போன மாவு

கையைக் கழுவினாலே பிளாட்டினம் சாக்கடைக்குப் போகிற தொழில் எங்களுடையது. ஜாப் ஒர்க் எடுத்து, கம்பெனிக்காரரிடம் பேச்சு வாங்கிக்கொண்டே பிழைக்கும் அன்பர்களே, இது உங்களுக்குத்தான் புரியும்.

தீபாவளிக் கெடு

கார் புகையின் விஷத்தை முறிக்க, சைலன்சருக்கு முன்னால் ஒரு டப்பா வைப்பார்கள். அதற்குள் தேன்கூடு மாதிரி பொடித் துளைகள் போட்ட பீங்கான் கட்டி இருக்கும். விக்ரோலியில் ஒரு கம்பெனி அந்தக் கட்டியையும், துளைகளுக்குள் பூச வேண்டிய வெள்ளைக் குழம்பையும் அனுப்பும். தாராவியில் என் பட்டறையில் பூசிக் காயவைத்துத் திருப்பி அனுப்புவோம். குழம்புக்கு அவர்கள் சொல்லும் பெயர் ஸ்லரி. எங்களுக்கு அது மாவு. பிளாட்டினம் கலந்த மாவு.

கம்பெனி அதிகாரி வெங்கட்ராமன், மாட்டுங்காக்காரர், ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டார். அனுப்பின மாவில் பாதிகூடக் கட்டியில் ஏறவில்லையாம். என்னைத் திருடன் என்கிறீர்களா என்று எகிறினேன். மனிதர் அசையவில்லை; வீணாவதை நிறுத்தக் கெடு வைத்தார். சரி, கெடுவிலாவது பேரம் பேசுவோம் என்று பொங்கல்வரை கேட்டேன். அவர் தசரா என்றார். தீபாவளியில் படிந்தது. எனக்கு இருக்கிற பெரிய ஆர்டர் இது ஒன்றுதான். போனால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நாங்க அனுப்பற மாவு கார்ல போகணும் சார். உங்ககிட்ட வந்தா சாக்கடைல போறது. தீபாவளிக்குள்ள அதை நிறுத்துங்கோ, இல்லேன்னா மாவை நாங்க நிறுத்திடுவோம்."

செவுத்துக்குக் கோட்டிங்

மறுநாள் நாற்காலியைப் போட்டு முருகேசன் எதிரில் உட்கார்ந்தேன். கட்டியை மாவில் முக்குவது அவன் வேலை. முக்கி எடுத்ததும் துளை அடைக்காமல் இருக்க ஏர் அடிப்பான். அடித்தானே ஒரு அடி! கட்டியில் ஒட்டியது கொஞ்சம், எதிர்ச் சுவரில் ஒட்டியது மிச்சம். இத்தனை மாதமாக வெள்ளையடித்த சுவர் என்றல்லவா நினைத்திருந்தேன்! செவுத்துக்கு எதுக்குல கோட்டிங் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அவன் ஏர் பைப்பைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னான்: "செவுத்துலயும் ஓட்டை இருந்திருந்தா பேக் பண்ணி அனுப்பியிருப்பேன் அண்ணாச்சி."

குர்லா பம்ப்

மேலேயிருந்து ஊதுவதை விட்டுவிட்டு, கீழேயிருந்து உறிஞ்சினால்? மிச்ச மாவு நேராக டிரம்முக்கே திரும்புமே. புது வேக்குவம் பம்ப் வாங்க வக்கில்லை. குர்லா பழைய சாமான் கடையில் ஒன்றைப் பிடித்தேன். தேய்ந்த பெல்ட்டைக் காட்டிக் குறைத்தேன். துருவைக் காட்டிக் குறைத்தேன். கோபித்துக்கொண்டு தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து, அதற்கும் குறைத்தேன். ஹோஸ் பைப்பை இனாமாகக் கேட்டபோது கடைக்காரன் எழுந்து நின்று இந்தியில் சொன்னான்: "எடுத்துட்டுக் கிளம்புங்க சேட். இன்னும் கொஞ்ச நேரம் நின்னா என்னையும் சேர்த்து இனாமா கேப்பீங்க."

செல்வியின் கோபம்

பம்ப் வந்தும் மாவு குறைந்துகொண்டே இருந்தது. எங்கே போகிறது என்று தேடினால், சாயங்காலம் செல்வி வாளிகளைப் பளபளவென்று தேய்த்துக் கழுவி சாக்கடையில் கொட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் கை சுத்தத்தைப் பார்த்துத்தான் வேலைக்கே வைத்தேன். அந்தச் சுத்தம்தான் என்னை முழுக வைத்திருக்கிறது. முதலில் ரப்பர் பட்டையால் வழிக்கணும், முதல் கழுவல் தண்ணீரைத் தனி டிரம்மில் ஊற்றணும், தெளிந்ததும் அடி வண்டலைக் கம்பெனிக்கு அனுப்பணும் என்று சட்டம் போட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் போட்டேன். வாளியை ணங்கென்று வைத்தாள். "பாத்திரத்தை வெளக்காமப் போட்டா மூதேவி வருவான்னு எங்க வீட்டுல சொல்லுவாக. உங்க கடையில வெளக்குனா சீதேவி போயிருதா. நல்ல கடை அண்ணாச்சி."

டிரம்முக்குப் பொட்டு

தீபாவளி நெருங்கியது. வீணாகிற மாவின் கணக்கு நன்றாக இறங்கி, எனக்கும் மூச்சு வந்தது. அப்போது வந்தது ஆயுத பூஜை. முருகேசன் பக்திமான். மோட்டாருக்கு, பம்ப்புக்கு, தராசுக்கு எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தவன், மாவு டிரம்மின் விளிம்பைச் சுற்றியும் வைத்துவிட்டான். மறுநாள் கலக்கியைப் போட்டதும் டிரம் அதிர்ந்து, காய்ந்த பொட்டு அத்தனையும் உள்ளே உதிர்ந்தது. முழு டிரம்மும் ரோஸ் கலர்.

கம்பெனிச் சூளையில் வெந்தால் கலர் தெரியாது, பூசி அனுப்பிடலாம் என்றான் முருகேசன். யோசித்தேன். காரில் போய் அந்தக் கட்டி என்ன செய்யுமோ யாருக்குத் தெரியும்? போனால் போகட்டும் ஆர்டர் என்று டிரம்மை டெம்போவில் ஏற்றி, நானே விக்ரோலிக்குக் கொண்டுபோய் வெங்கட்ராமன் முன்னால் மூடியைத் திறந்தேன். எட்டிப் பார்த்தார். இதைப் பூச முடியாது, பிளாட்டினத்தை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்வோம் என்றார். பிறகு எவ்வளவு மாவு வீணானது என்ற என் மாதக் கணக்கை ரொம்ப நேரம் பார்த்தார். பேப்பரை மடித்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த வருஷமும் பூஜையை நன்னாப் பண்ணுங்கோ. பொட்டை மட்டும் நம்ம டிரம்முக்கு வைக்காதேங்கோ."

மாவு வீணாவதை ஒருவழியாக நிறுத்திவிட்டேன் அன்பர்களே. என் கத்தல் வீணாவதை நிறுத்தத்தான் இன்னும் வழி பிடிபடவில்லை.