வட்டக்கச்சியில் பற்றறிக்குத் தண்ணீர் தேடிய பயணம்

போன புரட்டாதி முதல் கிழமை வவுனியாவிலிருந்து வட்டக்கச்சிக்குப் போனேன். உழவு மெசின் பற்றறி விற்பது என் தொழில். கமக்காரர் சதாசிவத்தின் மெசின் கிளம்பவில்லை என்று ஆள் வந்திருந்தது. மழைக்கு முன் புழுதியில் உழுது விதைக்காவிட்டால் அவருக்குப் போகம் போச்சு. பற்றறி நான் விற்றது. அது செத்தால் வன்னியில் என் பெயரும் செத்துவிடும்.

காலை ஆறரை பஸ். மாங்குளம் இருபத்தெட்டு மைல், அங்கிருந்து கிளிநொச்சி பதினேழு. பற்றறிக்கு ஊற்றும் வடிநீர் இரண்டு போத்தலை வைக்கோல் சுற்றிக் கூரையில் ஏற்றினேன். மாங்குளத்தில் ஒருவர் அதன்மேல் தன் சைக்கிளைப் போட்டார். இரண்டும் உடைந்தன. நீங்கள் போனால் மடியில் வைத்துக்கொண்டு போங்கள். கிளிநொச்சியிலிருந்து ஐந்து மைலுக்கு வண்டிக்காரர் கந்தையா ஒன்றரை ரூபாய் கேட்டார். பேரம் பேச நேரமில்லை.

அறுவடை முடிந்ததும் பற்றறியைக் கழற்றாமல் அப்படியே கொட்டிலில் விட்டிருக்கிறார் சதாசிவம். மூடியைத் திறந்தால் தகடுகளின் தலை காய்ந்து கிடக்கிறது. அவர் செம்பில் கிணற்றுத் தண்ணீரோடு நின்றார்.

"ஊத்தாதேங்கோ," என்றேன்.

"ஏன்? நாங்கள் குடிக்கிறம், அது குடிக்காதோ?"

"தண்ணி கொதிக்க வைக்கிற உங்கடை கேத்திலுக்கை பாருங்கோ, வெள்ளையாய்ப் படிஞ்சிருக்கும். இதுக்கை போனா பற்றறி நாசம். வடிச்ச தண்ணிதான் வேணும்."

கந்தையா சிரித்தார். "தர்மபுரத்திலை செல்லம்மாக்கா வடிக்கிறா. ஆனா அது தண்ணி இல்லை."

சதாசிவத்தின் முகம் இறுகியது. "கசிப்புச் சாராயக்காரியின்ரை வாசலுக்கு நான் போகமாட்டன்."

"அப்ப நான் போறன்," என்று வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

செல்லம்மாக்கா என் சப்பாத்தைப் பார்த்தபடி கேட்டா: "பொலிசோ?"

"இல்லை அக்கா, பற்றறிக்காரன்." விசயத்தைச் சொன்னேன்.

"வடிச்சுத் தாறன். ஆனா மெசின் கிளம்பினா முதல் என்ரை ரெண்டு ஏக்கரை உழவேணும். என்ரை காணியிலை இறங்கமாட்டன் எண்டவர் அந்த மனுசன்."

சதாசிவத்தைக் கேட்காமலே ஓம் என்றேன். சாராயம் படாத புதுப் பானை, புதுக் குழாய். முதலில் வந்ததில் அழுக்கு இருக்கும் என்று அவாவே வெளியே ஊற்றினா. பொழுதுபடும்போது இரண்டு போத்தல் நிறைந்தன.

தகடு மூழ்கும்வரை ஊற்றி, கிளிநொச்சி அரிசி ஆலையில் மறுநாள் முழுக்க மெதுவாகச் சார்ஜ் ஏற்றினோம். அடுத்த காலை மெசினில் பூட்டிவிட்டு, நான் கொடுத்த வாக்கைச் சதாசிவத்திடம் சொல்லி, "முதல் தர்மபுரம்," என்றேன்.

"ஊர் என்ன கதைக்கும்?"

"மெசின் கிளம்பினதெண்டு கதைக்கும்."

மேற்கே முகில் கறுத்திருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விசையை அழுத்தினார். இரண்டாம் முறை பிடித்தது. மெசினைத் தர்மபுரம் பக்கம் திருப்பினார். இரண்டு காணியும் விதைத்த பிறகுதான் மழை இறங்கியது.

மெசின் வைத்திருப்பவர்கள் கேளுங்கள். வேலை முடிந்ததும் பற்றறியைக் கழற்றிப் பலகைமேல், நிழலில் வையுங்கள். முனைகளைத் துடைத்துக் கிறீஸ் பூசுங்கள். மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். அந்த நேரம் பக்கத்தில் சுருட்டு வேண்டாம். தண்ணீர் குறைந்தால் வடிநீர் மட்டும்.

இப்போது நான் வன்னிக்கு வெறுங்கையோடுதான் பஸ் ஏறுகிறேன். வடிநீர் தர்மபுரத்தில் கிடைக்கிறது. எந்த வீடு என்று மட்டும் எழுதமாட்டேன். சதாசிவத்தைக் கேளுங்கள், அவருக்கு இப்போது வழி தெரியும்.