டிரைவருக்குப் பின்னால் ஒரு நாற்காலி

கண்டக்டர் ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. இன்னும் எல்லாரும் அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எல்லாரும் என்றால் பெரிய கூட்டம் ஒன்றும் இல்லை. மனைவி போய் ஆறு வருடம். மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "சாப்டீங்களாப்பா?" என்பான். "சாப்டேன்" என்று இவர் முடிப்பதற்குள் அவனுக்கு வேறு போன் வந்துவிடும். ஒரு பஸ் ஜனத்தை வாயாலேயே மேய்த்த மனுஷன், பேச ஆளில்லாமல் ரேடியோவில் செய்தி வாசிப்பவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

மிஞ்சியது டிரைவர் ஒருவர்தான். இருபத்திரண்டு வருடம் இருவரும் ஒரே பஸ்ஸில் ஓடினார்கள். ஆனால் வேலை நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது அபூர்வம். இவருக்குத் தெரிந்தது அவருடைய பிடரி. அவருக்குத் தெரிந்தது இவருடைய குரல். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. தினமும் பதினோரு மணிக்கு, தன் மகள் வீட்டில் இருந்த டிரைவரைப் பார்க்கக் கண்டக்டர் போவார். டிரைவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். இவர் அவருக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொள்வார்.

"மூஞ்சியப் பாத்துப் பேசினா நமக்குள்ள சண்டைதான்யா வரும்" என்பார் டிரைவர்.

தெருவில் போகிற வண்டிகளையெல்லாம் அவர் திட்டித் தீர்ப்பார். கண்டக்டர் பின்னாலிருந்து ஒத்து ஊதுவார். அவ்வளவுதான் பேச்சு. அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் கண்டக்டர் காலையில் எழுந்து சட்டை மாட்டினார்.

கிளம்பும்போது வாசலிலிருந்து குரல் கொடுப்பார். "ஹோல்டான்! நாளைக்கு நான் வர்ற வரைக்கும் வண்டி நகரக் கூடாது!"

"நீ ரைட் சொல்லாம நான் என்னைக்குய்யா எடுத்திருக்கேன்?"

உண்மைதான். ஒரு முறை, கர்ப்பிணி ஒருத்தியை ரோட்டைக் கடக்க வைக்கக் கண்டக்டர் இறங்கியிருந்தார். பொறுமையிழந்த பயணி ஒருவன் அவர் குரலிலேயே "போலாம் ரைட்!" என்று கத்தினான். அச்சு அசலாக இருந்ததாம். டிரைவர் அசையவே இல்லை.

போன மாதம் டிரைவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. சாப்பாடும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள், இரண்டு மூன்று நாள் தாங்கலாம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினோரு நாள் ஆயிற்று. மூச்சு இழுத்துக்கொண்டே கிடந்தது. முதுகெல்லாம் படுக்கைப் புண். திருப்பிப் போடும்போதெல்லாம் தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் வரும். கண்டக்டர் ஒரு நாள் தவறாமல் போனார். கட்டிலுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு, தெருவில் போன வண்டிகளை அவர் சார்பில் இவரே திட்டினார். கிளம்பும்போது, "ஹோல்டான்" என்றார்.

பன்னிரண்டாம் நாள் மகள் அவரை வாசலிலேயே நிறுத்தினாள்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. போகும்போது அப்பாகிட்ட இனிமே அதச் சொல்லாதீங்க."

"எத?"

"நிறுத்தச் சொல்றத."

கண்டக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்கப்பன் என் பேச்ச எப்பம்மா கேட்டிருக்கான்?"

"அந்த ஒரு பேச்ச மட்டும் கேப்பாரு மாமா. உங்களுக்கே தெரியும்." அவள் அழுதுவிட்டாள். "அவருக்கு ரொம்ப வலிக்குது."

அவருக்குத் தெரியும். பதினோரு நாளாகத் தெரியும். தினமும் ஹோல்டான் சொன்னது தனக்காகத்தான். இந்த நாற்காலியும் போய்விட்டால் நாளைக்குப் பதினோரு மணிக்கு அவர் எங்கே போவார்?

உள்ளே போய் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். டிரைவரை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். நரைத்த பிடரி தெரிந்தது. அதன்மேல் கையை வைத்தார். சூடாக இருந்தது.

"எல்லாரும் ஏறியாச்சுய்யா" என்றார். பிறகு, கடைசி சீட்டிலிருந்து சொல்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"ரைட்... போலாம்."

இத்தனை வருடத்தில், தான் ஏறாமல் அவர் ரைட் சொன்னது அன்றைக்குத்தான்.