இளநீரோடு வந்தவர்களுக்கு

அண்ணனின் ஓராண்டுத் திதிக்கு முன்னதாக இந்த நினைவு மலரை அனுப்புகிறோம். உற்றார் உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நல்லதாக நாலு வார்த்தை எழுது, உன் வாயைக் காட்டாதே என்று அண்ணி சொல்லியிருக்கிறார்கள். முயற்சி செய்கிறேன்.

அண்ணன் பிறந்தது ஆறுமுகநேரி. அப்பா காலமானபின் குடும்பப் பாரம் அண்ணன் தலையில் விழுந்தது. ஐம்பதுகளில் கப்பலேறி அந்தமானுக்கு, போர்ட் பிளேர் வந்து, ரோடு வேலையில் மேஸ்திரி ஆனார்கள். தங்கையான என்னையும் வரவழைத்துப் படிக்க வைத்தார்கள். மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்தால், வேலை தேடி வரும் நம் ஊர்க்காரர்கள் ஷாதிபூரில் எங்கள் வீட்டில்தான் இறங்குவார்கள். வேலை கிடைக்கும்வரை சோறும் பாயும் அண்ணன் பொறுப்பு. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அங்கே உண்டவர்கள்தான்.

நாள் முழுக்க வெயிலில் நிற்பார்கள். தண்ணீர் குடிக்க மாட்டார்கள். இடுப்பு வலி மாத்திரையைக் கடலைமிட்டாய் மாதிரித் தின்றார்கள். பிரஷர் இருப்பது தெரிந்தும் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார்கள்.

அங்கே சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் சூடாக்கினார்கள். முட்டை வெள்ளைக்கரு போல வெளுத்துத் திரண்டது. உடம்பில் தங்க வேண்டிய புரதம் வெளியே ஒழுகுகிறது, வெளியே போக வேண்டிய யூரியா இரத்தத்தில் தங்கிவிட்டது என்று வங்காளி டாக்டர் பொறுமையாக விளக்கினார். அண்ணன் காதில் அது ஏறவே இல்லை.

“ஏட்டி, நல்லாத்தானே ஒண்ணுக்குப் போவுது? பொறவு கிட்னிக்கு என்ன கேடு?” என்றார்கள்.

எவ்வளவு போகிறது என்பதல்ல, கழிவு போகிறதா என்பதுதான் முக்கியம் என்று நான் கத்தாத நாளில்லை. டாக்டர் வலி மாத்திரையை நிறுத்தினார், உப்பைக் குறைத்தார், தண்ணீருக்கும் அளவு வைத்தார். குடிக்க வேண்டிய காலத்தில் குடிக்காத தண்ணீரை இப்போது கேட்டாலும் கொடுக்க முடியவில்லை. கடைசியாக, “நாரியல் பானி பில்குல் பந்த்” என்றார். இளநீரை அறவே நிறுத்த வேண்டும். அதிலுள்ள பொட்டாசியத்தைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது, இரத்தத்தில் ஏறினால் இதயமே நின்றுவிடும் என்றார்.

இதைத்தான் யாரும் நம்பவில்லை. அண்ணன் படுத்துவிட்டார்கள் என்றதும் பக்கத்து மின்னி பேயிலிருந்தும், கப்பலில் வர வேண்டிய ஹட் பே தீவிலிருந்தும்கூட ஆட்கள் வந்தார்கள், ஆளுக்கொரு இளநீர்க் குலையோடு. சூட்டைத் தணிக்கும், நீர் பிரியும் என்று ஆளாளுக்கு வைத்தியம். டாக்டர் படித்ததெல்லாம் வீண், இவர்கள் சொல்வதுதான் சரி! நான் வாசலிலேயே மறித்து, ராங்கிக்காரி என்று பெயர் வாங்கினேன். அண்ணனோ நான் அந்தப் பக்கம் போனதும் வாங்கிக் குடிப்பார்கள்.

“ஆசையாக் கொண்டாந்திருக்கான். வேண்டாம்னு எப்படிட்டி சொல்ல?”

யாரிடமும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ரேஷன் வாங்கித் திரும்பியபோது, கட்டிலடியில் சீவிய இளநீர்க் கூடுகள் கிடந்தன. மறுநாள் நெஞ்சு படபடக்கிறது என்றார்கள். மாலைக்குள் போய்விட்டார்கள். கொடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியும். பெயரை எழுத மாட்டேன். பாடை தூக்கியவர்களில் அதிகம் அழுதவர் அவர்தான். இளநீர்தான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை, சிறுநீரகம் பல வருடமாகவே கெட்டு வந்தது என்றார். என் வயிற்றெரிச்சல் அதனால் தீர்ந்துவிடவில்லை.

டாக்டருக்கும், தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கால் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்தாலோ, பிரஷர் இருந்தாலோ, இரத்தமும் சிறுநீரும் சோதித்துப் பாருங்கள். வலி மாத்திரையை இஷ்டத்துக்கு விழுங்காதீர்கள். அண்ணன் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள், இந்த ஒருமுறை என் பேச்சைக் கேளுங்கள்.

திதியன்று படையலில் இளநீர் வைக்கப்போகிறோம். நீங்களும் கொண்டுவரலாம். இந்தத் தடவை வாசலில் மறிக்க மாட்டேன்.