சும்மா இருந்த கஸ்தூரி

மனத்தை அடக்கச் சொல்கிற சாமியார்கள் வாயையும் சேர்த்து அடக்கச் சொல்வது ஏன் என்று நீங்கள் என்றைக்காவது கேட்டதுண்டா?

அடி அண்ணாமலை கஸ்தூரியும் கேட்கவில்லை. இத்தனைக்கும் அவள் கேட்கிறவள். ரேஷன் கடையில் எடை குறைந்தால் தராசைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தெருவில் வம்பு வந்தால் "கஸ்தூரிய கூப்பிடு" என்பார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் அவள் புருஷன் காசி, தெருக் கிணற்றைத் தூர் வாரும்போது மண் சரிந்து செத்தான். அதோடு அவள் தூக்கமும் போயிற்று. கண்ணை மூடினால் மண் சரிகிற சத்தம்.

கிணற்றை ஒட்டி மடம் கட்டியிருந்த சக்கரபாணி சாமியார்தான் அந்தச் சத்தத்தை நிறுத்தினார். "மூச்சு வர்றதப் பாரு, போறதப் பாரு. நெனப்பு வந்தா அது பின்னாடி போவாத. சும்மா இரு."

விடியற்காலையில் மலையைப் பார்த்து உட்கார்ந்தாள். பொய் சொல்ல மாட்டேன், அவளுக்கு அமைதி கிடைத்தது. ஒருநாள் மண் சரியவில்லை. தான் என்று ஒருத்தி இருப்பதே மறந்து, வெயில் முதுகில் சுட்ட பிறகுதான் எழுந்தாள். அன்றுமுதல் சாமி சொன்னதே வேதம்.

எண்பத்திரண்டு கார்த்திகையில் சாமி சொன்னார்: "தீபம் வரைக்கும் மௌன விரதம் இரு. கடைசிப் படி இதுதான்."

அந்த வாரமே டவுனிலிருந்து அதிகாரி வந்தார். கிணறு தங்களுடையது என்று மடத்திலிருந்து மனு போயிருந்தது.

"ஆட்சேபணை இருக்கறவங்க சொல்லலாம்."

சாமியின் சாபத்துக்குப் பயந்த தெரு, கஸ்தூரியைப் பார்த்தது. கஸ்தூரி சாமியைப் பார்த்தாள். அவர் கனிவாகச் சிரித்து, உதட்டின் மேல் விரல் வைத்தார். மனு அவருக்குத் தெரியாமல் போயிருக்கும், விரதம் கெடக்கூடாது என்கிறார், நம் பக்கம் அவரே பேசுவார் என்று நம்பினாள்.

பேசினார். "இந்தக் கிணத்துல புருஷனையே பறிகொடுத்தவங்க இவங்க. இவங்களே ஒண்ணும் சொல்லலியே."

அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தீபத்துக்கு மறுநாள் குடத்தோடு போனால், கம்பிக் கதவும் பூட்டும்! பின்னாலேயே வந்த எதிர்வீட்டு உண்ணாமலை சொன்னாள்: "உம் மனசு அடங்கிப்போச்சுடி. எங்க தொண்டதான் காயுது."

கஸ்தூரி கதவை உலுக்கினாள். "சாமி! இது காசி செத்த கிணறு!"

உள்ளேயிருந்து அதே கனிவான குரல். "மனசு அலையுது பாரு. சும்மா இரு."

"மனச அடக்கச் சொல்றீங்கன்னு இருந்தேனே! வாய மூடுன்னுதானா சொன்னீங்க?"

மண் சரிகிற சத்தம் அவளுக்குத் திரும்பிவிட்டது. பௌர்ணமிதோறும் அந்தக் கதவருகில் நின்று கத்துகிறாள். மலை சுற்றுகிற பக்தர்கள், "தியானம் கெடுது, சும்மா இரும்மா" என்று சொல்லிவிட்டு நடக்கிறார்கள்.

அடுத்த பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறீர்களா? வாருங்கள். அவளை அடக்காதீர்கள். அவள் பக்கத்தில் நின்று, மடத்துக்குள் கேட்கும்படி நீங்களும் கத்துங்கள்: "கிணத்தத் தெற!"